மேற்கட்டி தொங்குகிறது!

கடலும் கப்பலும் இல்லாத ஊர் திருவண்ணாமலை. ஆனாலும் ஆண்டுக்கு மூன்று நாள் அங்கும் தண்ணீரின்மீது ஒரு மண்டபம் மிதக்கத்தான் செய்கிறது. கார்த்திகை மகாதீபம் முடிந்த பிறகு ஐயங்குளத்தில் நடக்கும் தெப்பத் திருவிழாவைத்தான் சொல்லுகிறேன். சந்திரசேகரர் ஒரு நாள், பராசக்தி அம்மன் ஒரு நாள், சுப்பிரமணியர் ஒரு நாள் என்று சுவாமிகள் தெப்பத்தில் வலம் வருவதைக் காணக் குளத்தங்கரையில் கூட்டம் நெரியும்.

தெப்பமானாலும் தேரானாலும், சுவாமிக்கு மேலே ஒரு துணி விரிந்திருக்க வேண்டும் என்பது நம் பழக்கம். மேற்கட்டி, விதானம் என்று அதற்குப் பெயர்கள் உண்டு. 'ஆஸ்மான்கிரி' என்றும் ஒரு பெயர் வழங்குகிறது. ஆஸ்மான் என்றால் பாரசீக மொழியில் ஆகாயம். அந்த ஆகாயத்தைப் பிடித்து வைத்திருப்பது ஆஸ்மான்கிரி. கும்பகோணத்துப் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டையில் கலம்காரித் துணியில் இதை எழுதித் தருகிறார்கள். தேரில் உருளை உருளையாகத் தொங்கும் தொம்பையும் அதே கைகளின் வேலைதான். கருப்பூர்க் கலம்காரி என்ற பெயரில் இந்தக் கலைக்கு 2021-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

கோவில் சமாசாரத்தை ஏன் இழுக்கிறேன் என்றால், மோட்டார் காரின் கூரைத் துணியும் ஒரு மேற்கட்டிதான். படகு அறையின் கூரைத் துணியும் அதுவேதான். ஆனால் கோவில் மேற்கட்டியைக் கட்டுகிறவர் அதைப் பசை போட்டு ஒட்டுவதில்லை. நாடா தைத்து, கயிறு கோத்து, நான்கு பக்கமும் இழுத்துக் கட்டுகிறார். தொய்ந்தால் கயிற்றை இன்னும் கொஞ்சம் இழுத்தால் தீர்ந்தது. அழுக்கானால் அவிழ்த்துத் துவைக்கலாம்; கிழிந்தால் ஒட்டுப் போட்டுத் தைக்கலாம். நம் வண்டிக் கூரைகளுக்கு இந்தச் சௌகரியம் போய்விட்டது என்பதுதான் என் குறை.

பௌர்ணமியன்று கிரிவலத்துக்கு வரும் வாடகைக் கார்களில் ஏறிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஏழெட்டு வருஷம் ஓடிய வண்டியானால் பின் சீட்டுக்கு மேலே துணி பலூன்போல் இறங்கியிருக்கும். உயரமானவர் உட்கார்ந்தால் தலையில் உரசும். டிரைவர் கண்ணாடியில் பின்னால் பார்த்தால் சாலை தெரியாது, துணிதான் தெரியும். அதற்கு அவர் செய்திருக்கும் வைத்தியமும் கண்ணில் படும். சிலர் வரிசையாகக் குண்டூசி குத்தியிருப்பார்கள், சிலர் பசையைப் பூசி அமுக்கியிருப்பார்கள். துணியெல்லாம் மஞ்சள் மஞ்சளாகத் திட்டு!

துணி ஏன் இறங்குகிறது? துணி மட்டமான சரக்கு என்று திட்டுகிறவர்கள் உண்டு. பாவம், துணிமேல் குற்றமில்லை. இப்போதைய கார்களில் கூரைத் தகட்டுக்குக் கீழே வளைத்து அச்சடித்த ஓர் அட்டை இருக்கிறது. அட்டைக்கும் துணிக்கும் நடுவே சில மில்லிமீட்டர் கனத்தில் ஒரு நுரைத்தாள். துணி நுரையில் ஒட்டியிருக்கிறது, நுரை அட்டையில் ஒட்டியிருக்கிறது. அந்த நுரை பாலியூரிதேன் என்னும் சரக்கு. 1937-ல் ஜெர்மனியில் ஆட்டோ பேயர் என்ற ரசாயன நிபுணரின் கூட்டத்தார் இந்த வகைப் பொருளைக் கண்டார்கள். மெத்தைக்கும் சீட்டுக்கும் அது அருமையான சாமான்தான். ஆனால் அதற்கு ஆயுள் உண்டு. ஒரு ரகம் ஈரக் காற்றில் சிறுகச் சிறுகச் சிதையும். இன்னொரு ரகம் ஈரத்தைத் தாங்கும், வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் தோற்கும். இரண்டையுமே உஷ்ணம் விரட்டி வேலை வாங்கும். வெளியே 40 டிகிரி காய்கிற நாளில், கண்ணாடியை ஏற்றிப் பூட்டி நிறுத்திய வண்டிக்குள் 60 டிகிரிக்கு மேலும் ஏறும். திருவண்ணாமலை வெயிலைப் பற்றி நான் தனியாக வர்ணிக்க வேண்டியதில்லை. அக்கினித் தலம் அல்லவா!

சில வருஷத்தில் நுரை மாவாகிவிடுகிறது. தொங்கும் துணியை விரலால் தட்டினால் மடியில் பொடி உதிரும். இந்த நிலையில் துணியின்மேல் பசை பூசினால் அது எதைப் பிடித்துக்கொள்ளும்? மாவைத்தான் பிடிக்கும்; மாவு அட்டையைப் பிடிக்காது. மணல்மேல் காகிதம் ஒட்டுகிற கதைதான். அடுத்த சித்திரைக்குள் துணி மறுபடியும் இறங்கும், இந்தத் தடவை கறையோடு.

குஷன் கடைக்காரர்களுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் கடை வாசலில் நடக்கும் பேச்சு எப்போதும் ஒரே மாதிரிதான்.

"அண்ணே, இதைக் கொஞ்சம் ஒட்டிக் குடுங்க. நாளைக்குப் பௌர்ணமி, சவாரி இருக்கு."

"ஒட்டினா நிக்காது தம்பி. அட்டையைக் கழட்டித் துணி மாத்தணும். வண்டி ரெண்டு நாள் இங்கே நிக்கணும்."

"ரெண்டு நாளா! அதெல்லாம் முடியாதுண்ணே. இப்போதைக்கு ஒட்டிடுங்க, அப்புறம் பாத்துக்கலாம்."

இந்த 'அப்புறம்' வருவதே இல்லை. தவணை கட்டுகிற டிரைவரின்மேல் எனக்குக் கோபம் கிடையாது. பௌர்ணமிச் சவாரியை விட்டால் அந்த மாதக் கணக்கே உதைக்கும். ஆனால் ஒரு கணக்கை அவரும் போட்டுப் பார்க்கவேண்டும். ஒட்டுவதற்கு மூன்று தடவை கொடுத்த பணமும், நான்காம் தடவை துணி மாற்றக் கொடுக்கும் பணமும் ஒரே பையிலிருந்துதான் போகிறது. பௌர்ணமிக்கும் பௌர்ணமிக்கும் நடுவே சவாரி மந்தமான நாட்கள் எத்தனையோ கிடக்கின்றன. வண்டியை அப்போது கடையில் விட்டால் என்ன?

சரியான வேலை இப்படி நடக்கவேண்டும். பாட்டரித் தொடர்பைப் பிரித்து, விளக்கு, கைப்பிடி, வெயில் தடுப்பு எல்லாவற்றையும் கழற்றி அட்டையை வெளியே எடுக்கவேண்டும். பழைய துணியை உரித்துவிட்டு, அட்டையில் ஒட்டியிருக்கும் நுரை மாவு முழுவதையும் பிரஷ்ஷால் தேய்த்து எடுக்கவேண்டும். முக்கால் வேலை இதுதான்; அலுப்பான வேலையும் இதுதான். இதில் ஏமாற்றினால் எல்லாம் வீண். பிறகு நுரை வைத்த புதுத் துணியை எடுத்து, உஷ்ணம் தாங்கும் பசையை அட்டையிலும் துணியின் முதுகிலும் மெல்லிசாகப் பூசி, விரலில் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும் பதம் வரும்வரை பொறுத்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தடவி ஒட்டவேண்டும். அவசரக்காரர் பசை ஈரமாக இருக்கும்போதே துணியைப் போடுவார். பசை துணியில் ஊறிக் கறையாகத் தெரியும். மரத்துக்குப் பூசும் வெள்ளைப் பசை இங்கே உதவாது.

குண்டூசி வைத்தியத்தை நான் அடியோடு எதிர்க்கிறேன். அழகைப் பற்றிய பேச்சல்ல இது. புதிய கார்கள் பலவற்றில், கூரையின் இரண்டு ஓரத்திலும், துணிக்கும் அட்டைக்கும் பின்னால் காற்றுப்பை மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. மோதல் நடந்தால் கண் இமைக்கும் நேரத்தில் அது விரிந்து கீழே இறங்கவேண்டும். அந்த ஓரத்தில் ஊசியைக் குத்தினாலும், திருகாணி அடித்தாலும், பசையைப் பூசி இறுக்கினாலும் என்ன ஆகும்? பை விரிய வேண்டிய வழி அடைபடும், அல்லது ஊசி தெறித்து யார் கண்ணையாவது பார்க்கும். சில ரூபாய்ச் சிக்கனத்துக்கு இது பெரிய விலை.

நெருப்பும் ஓர் ஆபத்து. பாலியூரிதேன் நுரை எரிந்தால் வரும் புகையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் இருக்கும். இரண்டும் கொடிய விஷம். மாவு உதிர்ந்த துணி தொங்கும் வண்டிக்குள் உட்கார்ந்து பீடி பற்றவைக்கிற மகானுபாவர்களை நான் பார்த்திருக்கிறேன். கிரிவலத்துப் புண்ணியம் அவர்களைக் காக்கட்டும்!

படகுக்காரர்களின் கஷ்டம் இதைவிட ஒரு படி மேல். கொச்சியிலும் கோவாவிலும் ஓடும் கண்ணாடி இழைப் படகுகளில், அறையின் உட்கூரையில் நுரை வைத்த ரெக்சினை நேராக ஒட்டுகிற வழக்கம் உண்டு. வெளியே ஈரம், உள்ளே மனிதர் விடும் மூச்சின் ஈரம். இரவில் குளிர்ந்த கூரையில் அது முத்து முத்தாய் வியர்க்கும். நுரை அந்தத் தண்ணீரைக் குடித்துக் குடித்துச் சிதையும், ரெக்சின் பாய்போல் தொங்கும். அங்கே விவரம் தெரிந்தவர்கள் மறுபடி ஒட்டுவதில்லை. மெல்லிய பலகைகளில் துணியைப் போர்த்தி, பலகைகளைச் சட்டத்தில் திருகாணியால் பூட்டிவிடுகிறார்கள். பலகைக்குப் பின்னால் காற்று நடமாடும்; எப்போது வேண்டுமானாலும் கழற்றிப் பார்க்கலாம். கேரளத்துக் கெட்டுவள்ளம் இன்னும் ஒரு படி மேல். பலகைகளையே ஆணியில்லாமல் தேங்காய்க் கயிற்றால் தைத்துக் கட்டுகிற படகு அது. மேலே மூங்கில் பாய்க் கூரை. அதிலே ஒட்டுவதற்கும் உரிவதற்கும் என்ன இருக்கிறது!

இந்தப் புத்தி நம் மோட்டார்த் தொழிலுக்கும் ஒரு காலத்தில் இருந்தது. 2014-ல் உற்பத்தி நின்றுபோன அம்பாசடரின் பழைய வண்டிகளைப் பிரித்துப் பார்த்தவர்கள் சொல்லுவார்கள். கூரைத் துணியின் முதுகில் குறுக்கே பைபோல நாடா தைத்திருக்கும். அவற்றில் வளைந்த கம்பிகளைக் கோத்து, கம்பி முனைகளை இரண்டு ஓரத்திலும் செருகி, துணியை நான்கு பக்கமும் இழுத்துப் பிடிப்பார்கள். நுரையும் கிடையாது, மாவும் கிடையாது. சாட்சாத் கோவில் மேற்கட்டிதான்! தொய்ந்தால் ஓரத்தை அவிழ்த்து இழுத்துவிட்டால் போதும்.

ஒட்டு வேலை மலிவு, விரைவு, சத்தமும் குறையும் என்று தொழிற்சாலைக்காரர்கள் சொல்வார்கள். சொல்லட்டும், அவர்களுக்கு மலிவு. பத்தாம் வருஷம் தலையில் துணி விழும்போது யாருக்கு மலிவு? நுரைத் துணியைத் தனியாகக் கழற்றி மாற்றும்படி செய்வது அவர்களால் ஆகாத காரியமல்ல. கேட்பார் இல்லை, அவ்வளவுதான். நம் தொழிற்பள்ளிகளில் எஞ்சினுக்கும் மின்சாரத்துக்கும் கொடுக்கும் இடத்தில் ஒரு மூலையை இந்தத் தையல் வேலைக்கும் கொடுக்கலாம். நாடாப் பை தைத்துக் கம்பி கோத்துக் கூரை கட்டத் தெரிந்தவர்கள் அருகிக்கொண்டே வருகிறார்கள்.

பழைய அம்பாசடர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கூரையைப் பிரிக்கும்போது கம்பிகளை மொத்தமாகக் கட்டி மூலையில் எறிய விடாதீர்கள். முன்னாலிருந்து பின்னாலுக்கு ஒன்று, இரண்டு என்று காகிதச் சீட்டு ஒட்டி வைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கம்பிக்கும் வளைவு வேறு. மாறிப்போனால் எவ்வளவு நல்ல துணி போட்டாலும் சுருக்கம் விழும்.