மூடவேண்டிய நீக்கலும் மூடலாகாத நீக்கலும்

புதிதாக அலுமாரி பொருத்திய குசினியிலே இல்லத்தரசியின் கண் முதலிற் சென்று தங்குமிடம் பளபளக்கும் கதவு அன்று. அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவே, மேலே விரல் நுழையும் அகலமும் கீழே தாள் மட்டும் நுழையும் அகலமுமாய்க் கிடக்கின்ற நீக்கலேயாகும். "சுவர் கோணல்" என்பார் தச்சர். "அலுமாரி கோணல்" என்பார் மேசன். இருவருக்கும் கூலி கொடுத்த குடும்பமோ சிலிக்கோன் பசைக் குழாயொன்றை வாங்கிவந்து, கண்ட நீக்கலையெல்லாம் அடைத்துவிட்டு ஆறுதலடையும். அவ்வாறு அடைக்குமுன் சிந்திக்கவேண்டிய சில செய்திகளை இவ்வாரம் கூறுவோம்.

வன்னிப் பெருநிலத்துக் குசினிக்கு இத்தொல்லை புதியது. மண்சுவரும் கிடுகுக் கூரையும் கொண்டு, வீட்டுக்குப் புறத்தே தனித்து நின்ற பழைய அடுக்களையில் அலுமாரியும் இல்லை, அதன் நீக்கலும் இல்லை. பாலும் தயிரும் உறியிலே தொங்கின. நாற்புறமும் வெளியாக இருந்தமையால் எலிக்கு அவை எளிதில் எட்டவில்லை. சுவரில் வெடிப்புக் கண்டால் மண்ணும் சாணமும் குழைத்து மெழுகினர். அடுப்புப் புகை பூச்சிகளை ஓரளவு விரட்டிற்று.

2009 ஆம் ஆண்டு மே மாதத்தில் போர் முடிந்தபின் மீள்குடியேறிய மக்களுக்குச் சீமெந்து வீடுகள் எழுந்தன. 2012 ஆம் ஆண்டு ஒக்டோபரில் பெருமளவில் தொடங்கிய இந்திய வீடமைப்புத் திட்டத்தின்கீழ் வீடொன்றுக்கு 550,000 ரூபாய் தவணை தவணையாக வழங்கப்பட்டது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களிற் பல குடும்பங்கள் தாமே முன்னின்று தம் வீட்டைக் கட்டின. பணம் போதாமற் கடன்பட்டோரும் உளர். அத்தகைய வீட்டிலே, பல ஆண்டு சேமித்துப் பொருத்திய அலுமாரி கறையானுக்கு இரையாவது சிறு நட்டமன்று. ஆகவே நீக்கலை மூடுவது அழகு பற்றிய விடயம் மட்டுமன்று என்பதை நினைவிற் கொள்ளவேண்டும்.

நீக்கல் ஏன் உண்டாகின்றது? எந்தச் சுவரும் தூக்குக்குண்டின் நூலைப்போல நேராக நிற்பதில்லை; மூலைகளும் சரியான செங்கோணமாக அமைவது அரிது. இது முதற் காரணம். மற்றொன்று மரத்தின் இயல்பு. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மாரியில் மரம் ஈரத்தை உறிஞ்சி விரியும். சோளகம் வீசும் ஆனி, ஆடியில் உலர்ந்து சுருங்கும். நீளவாட்டில் இம்மாற்றம் மிகச் சொற்பம். அகலவாட்டிலோ கண்ணுக்குத் தெரியும். மரத்தின் ஈரம் நூற்றுக்கு 5 பங்கு மாறினால், 300 மில்லிமீற்றர் அகலப் பலகை 3 மில்லிமீற்றர் வரை கூடவோ குறையவோ செய்யும். தேர்ந்த தச்சர் இதற்கென்றே சிறிது இடம் விடுவார். அவ்விடத்தை இறுக அடைத்தால், மாரியிலே கதவு பிடித்துக்கொள்ளும். அன்றேல் பலகை வளையும். மரத்தூளை அழுத்திச் செய்த பலகையின் குறை வேறு: அதன் வெட்டுமுகத்தில் நீர் ஊறினால் பருத்து உதிரும், உலர்ந்தபின்னும் பழைய நிலைக்குத் திரும்பாது.

இனி, நீக்கல்களை மூன்றாக வகுத்துக் கொள்வோம்.

முதலாவது, மூடவேண்டியது. அலுமாரியின் பக்கத்துக்கும் சுவருக்கும் இடையேயுள்ள நீக்கல் இவ்வகை. இதற்குப் பசை வேண்டாம். ஒரு ரீப்பை போதும். நீக்கலை மேலும் நடுவும் கீழுமாக மூன்றிடத்தில் அளந்து, பெரிய அளவினும் சற்று அகலமாக ரீப்பையை எடுக்கவேண்டும். அதனை அலுமாரியின் முன்விளிம்பில் நிமிர்த்திப் பிடித்து, கவராயத்தின் ஒரு காலைச் சுவரோடு உராயவிட்டு மேலிருந்து கீழாக இழுத்தால், சுவரின் மேடு பள்ளமெல்லாம் பென்சிற் கோடாக ரீப்பையிற் பதியும். அக்கோட்டின்படி சீவினால் ரீப்பை சுவரோடு இசையும். பின்னர் அதனை அலுமாரியோடு மாத்திரம் திருகாணியால் இறுக்குக, சுவரோடு இறுக்கவேண்டா. அப்போதுதான் மரம் விரியவும் சுருங்கவும் இடமிருக்கும். இரு அலுமாரிகளுக்கு இடையே மயிரிழை நீக்கல் இருந்தால் இரண்டையும் திருகாணியாற் சேர்த்து இழுக்கலாம். பெரிதாயின் ரீப்பையை ஒன்றோடு மட்டும் பொருத்தலாம். பாத்திரம் கழுவும் தொட்டியின் ஓரமும், மேற்பலகை சுவரைத் தொடும் இடமும் மட்டுமே சிலிக்கோன் பசைக்கு உரியவை. அங்கே நீர் இறங்கலாகாது.

இரண்டாவது, மூடினாலும் திறக்கத்தக்கதாக வைக்கவேண்டியது. அடி அலுமாரிக்கும் நிலத்துக்கும் இடையேயுள்ள வெளி அது. கறையான் ஒளியை விரும்பாது. நிலத்திற்கும் சுவருக்கும் இடைப்பட்ட வெடிப்பால் ஏறி, மண்ணாற் கூடமைத்து மரத்தை அடையும். அவ்விடத்தை ஆணியடித்து மூடிவிட்டால் கறையானுக்கு நாமே மறைப்புக் கட்டிக் கொடுத்தவராவோம். பலகை பொடியான பின்னரே செய்தி நமக்கு எட்டும். முன்பலகையைக் கழற்றி மாட்டத்தக்கதாகச் செய்து, மாதம் ஒருமுறை விளக்குப் பிடித்துப் பார்க்கவேண்டும். அலுமாரியை மரக்காலில் நிறுத்தாமற் பிளாஸ்ரிக் காலில் நிறுத்துவதும் நன்று. தண்ணீர்க் குழாய் சுவரைத் துளைத்து வருமிடத்தை மட்டும் சீமெந்தால் உறுதியாக அடைக்கவேண்டும். பென்சிற் பருமனான 6 மில்லிமீற்றர் துளை சுண்டெலிக்குப் போதும். கரப்பானோ உடலின் மேலும் கீழும் பலகை தொடுகின்ற ஒடுங்கிய இடத்தையே நாடும். ஆதலின் அரைகுறையாய் அடைத்த நீக்கல் அதற்கு மாளிகை.

மூன்றாவது, ஒருபோதும் மூடலாகாதது. வாயுச் சிலிண்டரை அலுமாரிக்குள் வைத்திருப்போர் இதனை ஊன்றிப் படிக்க. 2021 ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கையின் பல இடங்களிற் சமையல் வாயு வெடிப்புகள் நிகழ்ந்து நாட்டையே கலங்கச் செய்தமை நினைவிருக்கும். அவ்வாயு காற்றினும் பாரமானது; கசிந்தால் மேலெழாமல் நிலமட்டத்திலே தேங்கும். அலுமாரியின் அடியில் வெளி இருந்தால் அது பரவி வெளியேறவும், அதன் மணம் நமக்கு எட்டவும் வழியுண்டு. எல்லாப் பக்கமும் அடைத்த அலுமாரியில் ஒரு பொறி போதும். கூடியவரை சிலிண்டரை வீட்டுக்கு வெளியே காற்றோட்டமான நிழலில் வைத்துக் குழாயால் இணைப்பதே நன்று. இயலாதோர் கதவின் அடியிலும் மேலும் துவாரங்கள் இடுவித்து, அவற்றைச் சாக்காலோ அட்டையாலோ மறைக்காதிருக்கவேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு சிறு சோதனை. வர்ணம் பூசாத அகலமான பலகைத் துண்டொன்றில், குறுக்குவாட்டில் 250 மில்லிமீற்றர் இடைவெளியில் இரு பென்சிற் கோடுகள் இடுக. நீளவாட்டிலும் அவ்வாறே இரு கோடுகள் இடுக. ஆடியில் ஒருமுறையும் கார்த்திகையில் ஒருமுறையும் உருக்கு அடிமட்டத்தால் அளந்து எழுதி வைத்து ஒப்பிடுக. எந்த அளவு மாறிற்று, எது மாறவில்லை என்பதைக் கண்டால், தச்சர் ஏன் இடம் விடுகிறார் என்பது தானே விளங்கும்.

தாய்மாருக்கு ஒரு வேண்டுகோள். தச்சர் கணக்குத் தீர்த்துப் புறப்படுமுன், ஒவ்வொரு நீக்கலையும் தொட்டுக்காட்டி, "இது எதற்காக விட்டது, அண்ணை?" என்று கேளுங்கள். விடை சொல்லக்கூடியதை அவர் சொன்னபடி விடுங்கள். விடை கிடையாததற்கு அன்றே ரீப்பை வைப்பித்துக்கொள்ளுங்கள்.