வருஷத்துக்கு ஒரு முறை சுண்ணாம்பு

நாக்பூர் வெயிலைப் பற்றி நம் சங்கத்து அன்பர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மே மாதத்தில் 45 டிகிரி என்பது இங்கே சர்வ சாதாரணம். ரயில்வேயில் பாதைப் பராமரிப்பில் 35 வருஷம் இருந்தவன் நான். காற்றில் 45 டிகிரி என்றால் தண்டவாளத்தில் 60-ஐத் தாண்டிவிடும். அது நெளிந்துவிடாமல் கண்காணிக்க, உச்சி வெயிலில் ஆட்களை ரோந்து அனுப்புவோம். அதே வெயிலில் என் வீட்டு மொட்டை மாடி என்ன பாடுபடும் என்று அப்போது நான் யோசித்ததே இல்லை. ஓய்வு பெற்று, சொந்த வீட்டில் கழித்த முதல் கோடையில்தான் அது உறைத்தது.

கான்கிரீட் தளம் பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவு முழுவதும் வீட்டுக்குள் விடுகிறது. மின்விசிறி அந்தச் சூட்டையே நம் தலைமேல் தள்ளுகிறது. இதற்குப் பரிகாரம் எளிது. தளத்தை வெள்ளையாக்கிவிட்டால் வெயிலின் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். தெலங்கானா அரசு 2023-ல் இதற்கென்றே குளிர்கூரைக் கொள்கை ஒன்றை வெளியிட்டிருக்கிறது.

பூனாவில் இருக்கும் என் மகன் விசாரித்துவிட்டு, "அப்பா, அஞ்சாறு வருஷம் தாங்கற பெயிண்ட் இருக்கு. ஆள் வந்து அடிச்சுட்டுப் போயிடுவான். பணம் நான் அனுப்பறேன்" என்றான். நான் சுண்ணாம்புதான் என்றேன். "அது ஒரு மழைக்காலத்துல கரைஞ்சு போயிடுமேப்பா. வருஷா வருஷம் அடிக்கணுமே" என்றான். அவன் குறையாகச் சொன்னதுதான் அதன் நன்மை என்பது என் கட்சி.

நம் குடும்பங்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஊரில் பொங்கலுக்கு வெள்ளையடிப்பது என்றால் வீடே சேர்ந்து செய்யும். இங்கே பிறந்த நம் பிள்ளைகள் உறவினரைப் பார்ப்பது கல்யாணத்திலும் காரியத்திலும்தான். பந்தியில் உட்கார்ந்து எழுந்து, ரயிலேறிவிடுகிறோம். சேர்ந்து ஒரு வேலை செய்தால்தானே மனிதர் மனிதரைத் தெரிந்துகொள்ள முடியும்?

ஏப்ரல் 14 இங்கே அம்பேத்கர் ஜெயந்தி விடுமுறை. நமக்குச் சித்திரைப் பிறப்பு. அதை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமையை வேலை நாளாக வைத்து எல்லோரையும் அழைத்தேன். மகன் குடும்பம், மைத்துனர், தங்கை மகன் ஆகியோர் வந்தார்கள். பிலாயிலிருந்து என் தம்பியும் வந்தான். ஊரில் அப்பாவின் வீட்டை விற்றபோது எழுந்த பேச்சினால், நாலு மணி நேரப் பயணத்தில் இருந்தும், 6 வருஷமாக எங்களுக்குள் சரியான பேச்சுவார்த்தை கிடையாது. நான் கூப்பிட்டதற்காக அல்ல, என் பேத்தி கூப்பிட்டாள் என்று வந்ததாகச் சொன்னான்.

முதல் நாள் மாடியைக் கூட்டி, பாசியைச் சுரண்டி, வெடிப்புகளைச் சிமெண்ட் வைத்து அடைத்தோம். 800 சதுர அடிக்கு 30 கிலோ சுண்ணாம்பு. இரவே இரும்பு டிரம்மில் நீற்றி, காலையில் பழைய வேட்டியில் வடிகட்டி, பசை கலந்து, மோர் பதத்துக்குக் கரைத்தோம். விடியற்காலை ஐந்தரைக்குத் தளத்தை நனைத்துவிட்டு ஆரம்பித்தோம். காய்ந்த தளத்தில் அடித்தால் பொடியாக உதிர்ந்துவிடும். மூலையில் தொடங்கி மாடிப்படி வரை பின்னாலேயே வர வேண்டும் என்பதைப் பேத்திதான் எல்லோருக்கும் நினைவுபடுத்தினாள். வாட்டம், கைப்பிடிச்சுவர், நீற்றுவது என்ற சொற்களை அன்றுதான் அவள் கேட்டாள். "தாத்தா எல்லாருக்கும் சூனா லகா ரஹே ஹைன்" என்று அவள் இந்தியில் கேலி செய்ய, தம்பி வாய்விட்டுச் சிரித்தான். நானும் அவனும் ஒரே டிரம்மிலிருந்து வாளியை நிரப்பிக்கொண்டோம். வீட்டு விஷயத்தை இருவரும் எடுக்கவில்லை. "அப்பா இதைவிடத் தண்ணியாக் கரைப்பார்" என்று அவன் சொன்னதுதான் முதல் பேச்சு. மறுநாள் இரண்டாவது பூச்சையும் முடித்துவிட்டுத்தான் கிளம்பினான்.

இதில் நான் செய்த தவறையும் சொல்ல வேண்டும். எல்லோரும் போனபின் என் மனைவி கேட்டாள்: "நீங்க மேலே உறவை வளர்த்தீங்க. ரெண்டு நாளும் பத்துப் பேருக்குச் சமைச்ச எனக்கு யாரோட பேச நேரம் இருந்தது?" பதில் சொல்ல முடியவில்லை. அடுத்த வருஷம் முதல் தயிர்சாதமும் புளியோதரையும் ஆண்கள் பொறுப்பு. மனைவியும் மருமகளும் மாடியில். புளியோதரையில் உப்புக் கூடினால் யாரும் குறை சொல்லக்கூடாது என்பது விதி. உறவினர் உதவி என்றால் ஒருவர் முதுகில் எல்லோரும் ஏறுவதல்ல.

எல்லா வேலையையும் சொந்தக்காரர்களை வைத்துச் செய்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. மின்சார வேலை, கேஸ் இணைப்பு, சுவரை இடிப்பது இவற்றில் தெரிந்த தொழிலாளியைத்தான் அழைக்க வேண்டும். மாமா பையனுக்குத் தெரியும் என்று விட்டால் உயிருக்கே ஆபத்து. சுண்ணாம்பிலும் எச்சரிக்கை வேண்டும். நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும். குழந்தைகள் பக்கத்தில் வரக்கூடாது. பிளாஸ்டிக் வாளியில் நீற்றக்கூடாது. கண்ணாடியும் ரப்பர் கையுறையும் அவசியம். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

மூன்று வருஷமாக இதைச் செய்து வருகிறோம். இப்போது இரவில் மாடி அறையில் படுக்க முடிகிறது. பெயிண்ட் அடித்திருந்தாலும் படுக்க முடிந்திருக்கும். ஆனால் சென்ற வருஷம் மார்ச் மாதமே தம்பியிடமிருந்து போன் வந்தது: "அண்ணா, சுண்ணாம்பு வாங்கிட்டியா? இந்தத் தடவை நான் கொண்டு வரேன்." எந்தப் பெயிண்ட் டப்பாவிலும் இது கிடைக்காது.

மாடி இல்லாதவர்கள் ஜன்னலுக்கு வர்ணம் அடிக்கலாம், பரணை ஒழிக்கலாம். வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உறவினரை விருந்துக்கு அல்ல, வேலைக்குக் கூப்பிட்டுப் பாருங்கள். முக்கியமாக, யாரிடம் பேச்சு நின்றுபோயிருக்கிறதோ அவரை முதலில் கூப்பிடுங்கள்.