கழுவிவிட்டுப் போகும் எண்ணெய்

உடப்புக் கரையில் கரைவலை இழுக்கும்போது அம்பாப் பாட்டு நோவை மறக்கடித்துவிடும். வலை கரையேறி, பாட்டும் ஓய்ந்த பிறகுதான் நாரி பேசத் தொடங்கும். கற்பிட்டி வெங்காயத் தோட்டத்தில் நாள் முழுக்கக் குனிந்து நிற்பவளுக்கும், பாலாவி உப்பளத்தில் சுமை தூக்குபவனுக்கும் அதே கதைதான். பிடித்துக்கொண்டால் முதலில் பரியாரி. எண்ணெய் தேய்ப்பு, ஒத்தடம், பத்து, ஓதிய தண்ணீர். பிறகு ஆஸ்பத்திரி. பலருக்கு இரண்டும் ஒன்றாகவே நடக்கும்.

இது அறியாமை என்று சொல்பவர்களோடு எமக்கு உடன்பாடில்லை. நாட்பட்ட நாரி நோவுக்கென உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் முதன்முதலாக வெளியிட்ட வழிகாட்டியே, உடற்பயிற்சியோடு மசாஜுக்கும் இடம் கொடுக்கிறது. சான்று அவ்வளவு வலுவானதல்ல என்பதையும் மறைக்கவில்லை. பாமசியில் காசு கொடுத்து வாங்கிக் கட்டுகிறோமே இடுப்புப் பட்டி, அதைத்தான் வழமையாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது! நோ மாறுமென்று, காலால் பிறந்தவரைக் கொண்டு முதுகை மிதிக்க வைப்பதை மட்டும் நாமும் ஏற்கமாட்டோம். எலும்பு தேய்ந்த கிழவியின் முதுகு அதைத் தாங்காது.

பிழை வேறிடத்தில் இருக்கிறது. கிளினிக் நாளன்று விடியவே எழும்பி, வெந்நீரும் சவர்க்காரமும் போட்டு முதுகு எண்ணெயைக் கழுவிவிட்டுப் போகும் அம்மாமாரைப் பாருங்கள். அப்படியும் சட்டையில் வாசம் நிற்கும். "நாட்டு மருந்து ஏதும் எடுத்தீங்களா?" என்று கேட்டால் "இல்லை ஐயா" என்பார்கள். எண்ணெயை மறைப்பதால் உயிர் போகாது. ஆனால் பெயரில்லாத பொட்டலத்தில் வாங்கிய தூளில் ஸ்டீரொய்டோ நோக்குளிசையோ கலந்திருந்தால், ஆஸ்பத்திரிக் குளிசையும் சேர்ந்து வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். போன முறை ஏச்சு வாங்கியவள் இந்த முறை வாய் திறப்பாளா? 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் வைத்தியரைப் பதிந்து தொழில் செய்ய விடுவது அரசு. அவரிடம் போனவளை ஏசுவதும் அரச சம்பளம் வாங்கும் டொக்டர். பொய்யைச் சொன்னது அவள்தான். சொல்ல வைத்த குற்றம் அந்த ஏச்சுக்கே உரியது.

அதைவிடப் பாரமான குற்றமொன்று பரியாரியின் பக்கத்தில் உண்டு. கால் வலுவிழக்கிறது, தொடையிடுக்கு மரத்துப்போகிறது, சலம் அடங்கவில்லை அல்லது போகவில்லை என்று வருபவரை அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். இராக்காய்ச்சலோடு மெலிந்து வருபவருக்கு நாரி நோ முள்ளந்தண்டுக் காசமாகவும் இருக்கலாம். இவர்களிடம் "இன்னும் ஏழு நாள் பத்துப் போடுவோம்" என்பவர் வைத்தியரே அல்ல. பதிவுச் சான்றிதழைச் சுவரில் மாட்டி வைத்திருந்தாலும் அல்ல.

கிளினிக் கொப்பியில் நாட்டு மருந்துக்கு ஒரு வரி ஒதுக்கினால் போதும். அதற்குச் சுற்றுநிருபம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அம்மாவும் அடுத்த முறை குளிக்காமலே போகட்டும். அந்தத் தூள் பொட்டலத்தையும் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போகட்டும்.