ஊசி வைத்தியமும் சர்க்கரை மாத்திரையும்



அசோக் நகர்ச் சகோதரி ஒருவர் கேட்கிறார்: "மாமியாரின் மூட்டு வலிக்கு அக்குபங்சர் செய்து வருகிறோம். வலி குறைந்திருக்கிறது. இனிச் சர்க்கரை மாத்திரையும் வேண்டாம் என்கிறார் அந்த வைத்தியர். நிறுத்தலாமா?"

முதலில் இவ்வைத்தியத்தின் அடிப்படையை அறிந்துகொள்வோம். உடலில் 'சி' என்னும் உயிராற்றல் ஓடுகிறது. அதற்கு முதன்மையான பாதைகள் 12. அவ்வோட்டம் தடைப்பட்டாலோ, யின், யாங் என்னும் இரு தன்மைகளின் சமநிலை குலைந்தாலோ நோய் தோன்றும். பாதையிலுள்ள புள்ளிகளில் மெல்லிய ஊசியைச் செருகினால் ஓட்டம் சீராகும். இது சீனரின் பழங்கொள்கை.

1938இல் டாக்டர் கோட்னிஸுடன் சீனா சென்ற இந்திய மருத்துவக் குழுவில் இருந்தவர் டாக்டர் பி. கே. பாசு. பின்னாளில் மீண்டும் அங்கு சென்று இக்கலையைக் கற்ற அவர், 1959இல் கல்கத்தாவில் இதனைத் தொடங்கினார்.

நாள்பட்ட மூட்டுவலி, முதுகுவலி, குமட்டல் ஆகியவற்றுக்கு இது ஓரளவு பயன் தருவதாக ஆய்வுகள் கூறுகின்றன. ஆனால், புள்ளி தவறிச் செருகினாலும் பலன் பெரிதும் குறைவதில்லை என்று காட்டிய ஆய்வுகளும் உள்ளன. 'சி'யை எந்தக் கருவியும் கண்டதில்லை. சர்க்கரை மாத்திரைக்கு ஈடாக ஊசி அமையும் என்பதற்குச் சான்றில்லை.

ஆகவே சகோதரியே, வலிக்கு ஊசி தொடரட்டும், மாத்திரையும் தொடரட்டும். அதைக் குறைப்பதும் நிறுத்துவதும் இரத்தப் பரிசோதனை பார்த்து டாக்டர் முடிவு செய்ய வேண்டியவை. ஏற்கெனவே நிறுத்தியிருந்தால் இன்றே அவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சர்க்கரை உள்ளவருக்குச் சிறு புண்ணும் எளிதில் ஆறாது. ஒவ்வொரு முறையும் உறை பிரித்த புது ஊசிதானா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.