வெற்றிலை போடும் வாய்

மூன்று ஆண்டுகளுக்கு முன் நான்காம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு 'எங்கள் வீட்டுச் சாப்பாடு' என்று ஒரு கட்டுரை கொடுத்திருந்தேன். தோசை, கோழிக்குழம்பு, நாசி லெமாக் என்று எல்லாரும் நாக்கில் நீர் ஊற எழுதியிருந்தார்கள். ஒரு சிறுமி மட்டும் இப்படி எழுதியிருந்தாள்: "எங்கள் பாட்டி இப்போது ரசம் சாப்பிடுவதில்லை. சோற்றைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிறார். காரம் பட்டால் அழுகிறார்." பிழை திருத்த எடுத்த சிவப்புப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

அன்று மாலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். தஞ்சோங் மாலிம் வட்டாரத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்த தோட்டங்களில் அதுவும் ஒன்று. பாட்டி நாற்பது வருடம் பால்வெட்டியவர். திண்ணையில் வெற்றிலைப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். விசாரித்ததற்கு, "ஒன்னுமில்ல டீச்சர், சுண்ணாம்பு கூடிப்போய் வாய் பொத்திருச்சு" என்றார். எத்தனை நாளாக என்றேன். பதில் மருமகளிடமிருந்து வந்தது. "ஒன்றரை மாசமாச்சு டீச்சர். கிளினிக்குப் போகலாம்னா, வலிக்கலையே, எதுக்குங்கிறாங்க."

அந்த 'வலிக்கலையே'தான் நம் வீடுகளில் பலரைக் கொண்டுபோகும் சொல். வாயில் வரும் புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. வெள்ளைத் திட்டாகவோ சிவப்புத் திட்டாகவோ, ஆறாத சிறு புண்ணாகவோ இருக்கும். சிலருக்கு உள்கன்னம் இறுகி, வாயை அகலத் திறக்க முடியாமல் போகும். காரம் எரியும். வலி எடுக்கும்போது நோய் உள்ளே வேர் பிடித்திருக்கும். 2012 முதல் 2016 வரை மலேசியாவில் கண்டறியப்பட்ட புற்றுநோய்களை எடுத்துக்கொண்டால், நூற்றுக்கு ஏறத்தாழ 64 மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் கண்டறியப்பட்டன என்று தேசியப் பதிவேடு சொல்கிறது. வாய்ப் புற்று இந்த நாட்டில் இந்தியர்களிடையே, அதிலும் வெற்றிலை போடும் பெண்களிடையே, அதிகம் என்பது பழைய சங்கதி.

வெற்றிலையைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. தாம்பூலம் இல்லாமல் நம் வீட்டில் எந்த நல்ல காரியம் நடந்தது? விடியற்காலைப் பெரட்டுக்கு முன் வாயில் ஒரு கவளம் அடக்கிக்கொண்டால் பசி தெரியாமல் பத்து மணி வரை வெட்டலாம் என்று என் பாட்டியே சொல்லியிருக்கிறார். ஆனால் உண்மையை மறைக்கவும் கூடாதல்லவா? புகையிலை சேர்ந்த வெற்றிலைப் பாக்கு புற்றுநோய் தருவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1985-இலேயே அறிவித்தது. "நான் புகையிலை போடுவதில்லையே" என்று தப்பித்துக்கொண்டிருந்தவர்களுக்கு 2004-இல் அடுத்த அறிவிப்பு வந்தது. புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே போதுமாம், புற்று வர.

பாட்டி வாயைத் திறக்க மறுத்தார். மருமகள் கைவிளக்கை எடுத்து வந்து, "அத்தே, எனக்காகத் தொறங்க" என்று முகவாயைப் பிடித்தாள். பொய்ப்பல்லைக் கழற்றி, வாய் கொப்பளிக்கச் செய்து பார்த்தோம். கவளம் அடக்கி வைக்கும் இடது கன்னத்தில், ஐம்பது காசு அகலத்தில் வெள்ளை, ஓரத்தில் சிவப்பு.

கைவிளக்கு வைத்துப் பார்ப்பது வெறும் வீட்டு வைத்தியம் என்று நினைத்துவிடாதீர்கள். கேரளத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-இல் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கினார்கள். 13 பஞ்சாயத்துகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் ஏழில் மட்டும் 35 வயதுக்கு மேற்பட்டவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்தார்கள். போனவர்கள் டாக்டர்கள் அல்லர், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள். நல்ல வெளிச்சத்தில் வாயைப் பார்த்தார்கள், சந்தேகமானவர்களை டாக்டரிடம் அனுப்பினார்கள். முடிவு 2005-இல் வெளிவந்தது. புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களில், வாய்ப் புற்றால் சாவு மற்ற பஞ்சாயத்துகளைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. மலேசியாவிலும் 1997 தொட்டு சுகாதார அமைச்சின் பல் மருத்துவப் பிரிவினர் தோட்டங்களுக்கு வந்து வாய்ப் பரிசோதனை நடத்தியிருக்கிறார்கள். அவர்கள் வரும் நாளில் எத்தனை பேர் 'எனக்கு வேலை இருக்கு' என்று பின்வாசல் வழியாகப் போனார்கள் என்பது நமக்குத் தெரியாதா?

மறுநாளே அரசாங்கப் பல் கிளினிக். அங்கிருந்து ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம். திட்டிலிருந்து துளி சதை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றதும் பாட்டி அழுதார். "கத்தி பட்டா உடம்பு பூரா பரவிடும்" என்று யாரோ சொல்லி வைத்திருந்தார்கள். இது முழுப் பொய். அப்படிச் சோதிக்காமல் என்ன நோய் என்று உறுதியாகச் சொல்லவே முடியாது. மகனோ செலவையும் நாள் சம்பளத்தையும் கணக்குப் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றார். அவரையும் குறை சொல்ல முடியாது.

அப்போது அந்த மருமகள் செய்ததைச் சொல்லத்தான் இந்த வாரம் எழுத உட்கார்ந்தேன். அவள் அத்தையிடம் வாதாடவில்லை. மண்டோரிடம் சொல்லி நாளை மாற்றிக்கொண்டாள். "நான் உங்க பக்கத்துலயே இருப்பேன்" என்று ஒவ்வொரு முறையும் கூடவே போனாள். டாக்டர் மலாயில் சொன்னதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வந்து இரவில் அத்தைக்குத் தமிழில் படித்துக் காட்டினாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் முறை வைத்துப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டார்கள். சோதனையில் புற்று என்றுதான் வந்தது. ஆனால் தொடக்க நிலை. அறுவை சிகிச்சையோடு முடிந்தது, மின்கதிர் வைக்க வேண்டி வரவில்லை.

வேலையில் இருப்பவருக்கே நோய் வந்தால் சம்பளக் கவலை வரும். தீபகற்ப மலேசியாவின் வேலைச் சட்டப்படி, ஆஸ்பத்திரியில் தங்க வேண்டியவர்களுக்கு ஆண்டுக்கு 60 நாள் வரை சம்பளத்தோடு விடுமுறை உண்டு. சாதாரண நோய் விடுப்பு இதில் சேராது. ஆபீசில் கேட்க வெட்கப்படாதீர்கள்.

வீட்டில் வெற்றிலை போடும் பெரியவர் இருந்தால் இன்றிரவே பாருங்கள். கன்னத்தின் உட்புறம், நாக்கின் அடி, பக்கங்கள், ஈறு, மேலண்ணம். இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணோ திட்டோ இருந்தால் பல் கிளினிக்கில் காட்டுங்கள். தனியே அனுப்பாதீர்கள், கூடப் போங்கள்.

பாட்டி இப்போதும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஈப்போ போய் வருகிறார். வெற்றிலைப் பெட்டியில் பேத்தியின் ரிப்பனும் ஊக்கும் கிடக்கின்றன. போன தீபாவளிக்கு அவர்கள் வீட்டில் சாப்பிட்டேன். ரசத்தில் மிளகு போதவில்லை என்று மருமகளைக் கடிந்துகொண்டிருந்தார்.