சாமை மூட்டை கம்ப்யூட்டருக்குத் தெரியுமா?

சென்னையில் இருக்கும் மொத்த வியாபாரி செல்போனைத் தட்டினால் போதும். சரக்கு எந்த லாரியில் ஏறியது, எங்கே வருகிறது என்று தெரிந்துவிடும். விற்கிறவர் கம்ப்யூட்டரும் வாங்குகிறவர் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்கிற காலம்! 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் வணிகவரி செக்போஸ்டுகள் போயின. 2018-ல் இ-வே பில் வந்தது. இப்போது 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கெடு. டிரைவர் வழியில் படுத்துத் தூங்கினால் பில் காலாவதி!

சரி, ஜவ்வாது மலைக்கு வாருங்கள்.

ஜமுனாமரத்தூர் பக்கம் விளைகிற சாமையைப் பட்டணத்துச் சர்க்கரை வியாதிக்காரர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். லேபிள் ஒட்டாத சாமை மூட்டைக்கு வரி கிடையாது, இ-வே பில்லும் வேண்டாம். நல்ல விஷயம்தான். ஆனால் பில் இல்லாத மூட்டை எந்தக் கம்ப்யூட்டர் கண்ணிலும் படாதே! எந்த ஊரில் எத்தனை மூட்டை கிடக்கிறது என்று கீழே யாருக்குத் தெரியும்? மினி லாரி கொண்டை ஊசி வளைவுகளில் ஊர் ஊராக அலைகிறது. இங்கே நாலு மூட்டை, அங்கே ஆறு மூட்டை. பாதி வண்டி காலி. அந்த டீசல் காசை வியாபாரி கைக்காசிலா போடுவார்? சாமை விலையில் கழிச்சுடறார்!

ஆன்லைன் ஏலத்துக்கு 2016-லேயே மத்திய அரசு 'இ-நாம்' கொண்டுவந்தது. ஆனால் பெரும்பாலும் மூட்டையை விற்பனைக் கூடத்தில் கொண்டுபோய் இறக்கின பிறகுதானே ஏலம்? விலை கட்டலேன்னு மறுபடி மலைக்கு ஏத்த முடியுமா?

மத்தியப் பிரதேசத்தில் ஐ.டி.சி. கம்பெனி 2000-ல் 'இ-சௌபால்' தொடங்கியபோது கம்ப்யூட்டரைக் கிராமத்திலேயே வைத்தது. சோயா விவசாயி விலையைத் தெரிந்துகொண்டு அப்புறம் வண்டி கட்டினார். எலெக்ட்ரானிக் தராசில் எடை, வண்டிச் செலவும் கைக்கு வந்தது. கம்பெனி தர்மத்துக்குச் செய்யவில்லை. மண்டித் தரகும் இறக்கி ஏற்றும் கூலியும் அதற்கு மிச்சம்!

இங்கே என்ன தடை? மலை மூன்று மாவட்டங்களில் கிடக்கிறது: திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர். 'அது எங்க லிமிட் இல்லை' என்று சொல்ல வசதி. சிக்னல் இன்னொரு வம்பு. காவலூரில் பெரிய தொலைநோக்கி வைத்து 1986 முதல் நட்சத்திரம் பார்க்கிற மலை இது. சில ஊர்களில் போன் பேச மேடு தேடி ஏற வேண்டியிருக்கிறது!

ஊராட்சிக்கு ஒரு எலெக்ட்ரானிக் தராசு, கையில் ஒரு ரசீது, முந்தின நாளே மூட்டைக் கணக்கு கீழே உள்ள விற்பனைக் கூடத்துக்கு. லாரி நிறைந்து இறங்கும். மூன்று கலெக்டர்களும் அறுவடைக்கு முன்னால் ஒரு நாள் ஜமுனாமரத்தூரில் சேர்ந்து உட்காரட்டுமே!