டெட்லைனுக்கு உள்ளே ஒரு 19 வயசுப் பையன்



'நாளைக்குள்ள ரெக்கார்ட் நோட்டை முடிக்கணும், டெட்லைன் மச்சி!' ஹாஸ்டலில் தினமும் கேட்கிற புலம்பல்தானே? அந்த வார்த்தை எங்கே பிறந்தது தெரியுமா? போர்க்கைதிகளை அடைத்த முகாம்களில்!

அமெரிக்காவில் வடக்கும் தெற்கும் மோதிக்கொண்ட உள்நாட்டுப் போர். பிடிபட்ட வடக்குப் படை வீரர்களை அடைக்க, 1864-ல் ஜார்ஜியா மாநிலத்தில் ஆண்டர்சன்வில் முகாமைத் திறந்தது தெற்கு. சுற்றிலும் உயரமான மரச்சுவர். சில அடி உள்ளே தள்ளி, தாழ்வாக ஒரு வேலி. அதுதான் 'டெட் லைன்'. தாண்டினால் மேலேயிருந்து காவலாளி சுடுவான். அவ்வளவுதான்!

ஆனால், அங்கே அதிகம் பேரைக் கொன்றது குண்டு இல்லைங்க. 10 ஆயிரம் பேருக்குக் கட்டிய இடத்தில், அந்த ஆகஸ்ட்டில் இருந்தது 30 ஆயிரத்துக்கும் மேல். தலைக்கு மேல் கூரை கிடையாது. குடிக்க, குளிக்க, கழிவு போக... எல்லாத்துக்கும் ஒரே ஓடை. பசி, பேதி, ஸ்கர்வி. சுமார் 14 மாதத்தில் ஏறக்குறைய 13 ஆயிரம் பேர் செத்துப் போனார்கள். வடக்கு மட்டும் யோக்கியமா? அவர்களுடைய எல்மைரா முகாமில் அடைபட்ட சுமார் 12 ஆயிரம் தெற்கு வீரர்களில், கிட்டத்தட்ட 3 ஆயிரம் பேர் வீடு திரும்பவில்லை.

ஆண்டர்சன்வில்லில் சாவுக் கணக்கு எழுத ஒரு கைதியையே உட்கார வைத்தார்கள். பெயர் டோரன்ஸ் அட்வாட்டர். வயசு 19. நம்ம செகண்ட் இயர் பையன் மாதிரி!

தினமும் எழுதுகிறான். பெயர், படைப்பிரிவு, நோய், தேதி. 'இந்தக் கணக்கு இவங்க குடும்பத்துக்குப் போய்ச் சேருமா?' என்று மனசு உறுத்துகிறது. யாருக்கும் தெரியாமல் இன்னொரு காப்பி எழுத ஆரம்பித்தான். விடுதலையானபோது அதைக் கோட்டின் உள்துணியில் மறைத்து வெளியே கொண்டு வந்தான்.

1865 கோடையில், போர்க்கள நர்ஸாகப் பேர் வாங்கிய கிளாரா பார்ட்டனும் அவனும் அந்தப் பட்டியலோடு மறுபடி அங்கே போனார்கள். வெறும் நம்பர் போட்ட கட்டைகள் நின்ற குழிகளுக்குப் பெயர்ப் பலகை நட்டார்கள். பெயர் தெரியாமல் மிஞ்சியவை சுமார் 460 மட்டுமே!

பரிசு என்ன தெரியுமா? ஜெயில்! பட்டியலை நகலெடுக்க வாங்கிய ராணுவம், அதை அவன் திரும்ப எடுத்துக்கொண்டதைத் திருட்டு என்றது. 18 மாதக் கடுங்காவல். அது முடியும் முன்பே விட்டுவிட்டார்கள். அவன் விடவில்லை. 1866-ல் பட்டியல் அச்சாகி வெளிவந்தது. எத்தனையோ அம்மாக்கள் தங்கள் பிள்ளை எங்கே புதைந்திருக்கிறான் என்று அதில் தேடித் தெரிந்துகொண்டார்கள்.

கைதியின் பெயரையும், இறந்தால் புதைத்த இடத்தையும் பிடித்து வைத்த நாடு தெரிவித்தே ஆகணும் என்று 1949-ம் வருட ஜெனிவா ஒப்பந்தம் சொல்கிறது. அதற்குப் பிறகு நடந்த போர்களிலும் அதை மீறியவர்கள் உண்டு. ஏன்னா, பெயர் இல்லாத பிணத்துக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை பாருங்க!

நாளைக்கு நீங்களும் ஏதோ ஒரு ஆபீஸில், ஏதோ ஒரு பதிவேட்டுக்கு முன்னால் உட்காருவீங்க. வரிசை எண்ணைப் பார்க்கும்போது, பக்கத்தில் இருக்கும் பெயரையும் ஒரு தடவை படிங்க.